சூரியனுக்கு இன்னும் சாப்பாடு ஆகவில்லை

நோர்வேயின் வரைபடத்தில் விரலை வைத்து மேலே மேலே தள்ளிக்கொண்டு போனால், இனிக் கடல்தான் என்று விரல் நிற்கிற இடத்தில் இருக்கிறது எங்கள் ஸ்டைன்வோக், அங்கே ஒரு மீன் தொழிற்சாலை, ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு கடை, நிற்காத காற்று, இவற்றுக்கு நடுவே நாங்கள் கொஞ்சத் தமிழ்ச் சனம், அந்த ஊரில் கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் குன்றுக்குப் பின்னால் இறங்கிப் போகிற சூரியன் தை பிறந்த பிறகும் சில கிழமை கழித்துத்தான் திரும்பி வரும், இடையில் மத்தியானத்தில் ஒரு நீல வெளிச்சம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். இதைச் சொன்னால் யாழ்ப்பாணத்தில் இருக்கிற என் தங்கச்சி இன்றைக்கும் நம்பமாட்டாள். நம்பாவிட்டால் போகட்டும், நான் ஒருவரையும் கெஞ்சவில்லை.

சூரியன் இல்லாத ஊரில் சூரியனுக்குப் பொங்குவது எப்படி என்று நீங்கள் கேட்பீர்கள், எல்லாரும் கேட்கிறதுதான். தமிழ்ச் சங்கத் தலைவர் சபாநாயகம் அண்ணர் வந்த காலத்திலேயே அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார், பலகையில் சூரியனை வட்டமாக வெட்டி, மஞ்சள் பூசி, கண், மூக்கு, தன்னுடைய மீசையைப் போலவே ஒரு மீசை எல்லாம் கீறி, பின்னால் ஒரு மின்விளக்கைப் பொருத்திப் பள்ளிக்கூட மண்டபத்து மேடையில் நிறுத்தி வைப்பார், பொங்கலுக்குப் பக்கத்தில் வருகிற சனிக்கிழமை பால் பொங்குகிற நேரம் பார்த்து சுவிச்சைப் போடுவார், சனம் கையெடுத்துக் கும்பிடும், பிறகு சாப்பிடும், பிறகு சங்கக் கணக்கைப் பற்றிச் சண்டை பிடிக்கும். நான் வேதக்காரி, மதலேன் என்று பெயர், சூரியனைக் கும்பிடுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை, ஆனால் சர்க்கரைப் பொங்கலை வேண்டாம் என்று சொல்லும்படி எந்தச் சுவிசேஷத்திலும் எழுதியிருப்பதாக நான் வாசிக்கவில்லை, அதனால் வருடா வருடம் போய் முன் வரிசையில் இருப்பேன்.

தொழிற்சாலையில் மீன் வெட்டுகிற மேசையில் எனக்குப் பக்கத்தில் நிற்கிறவள் திலகா, முழுப்பெயர் திலகேஸ்வரி. அவளுடைய மனுசன் பரராசசிங்கம், ஊரெல்லாம் பரா அண்ணை என்று கூப்பிடும், அதே தொழிற்சாலையில் மீன் பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற வாகனம் ஓட்டுகிறவர், ஒரு காலத்தில் அவர் கதைக்கத் தொடங்கினால் தேத்தண்ணி இடைவேளை முடிந்து மணி அடித்தாலும் முடிக்கமாட்டார், வெங்காய விலையில் தொடங்கி நோர்வே ராசகுடும்பம் வரைக்கும் போய்த் திரும்பி வெங்காயத்துக்கே வருவார். அந்த மனுசன் ஒவ்வொரு இருட்டுக் காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதை குறைந்து வந்தார், மகன் படித்து முடித்து ஒஸ்லோவிலேயே நின்றுவிட்ட பிறகு இன்னும் குறைந்தார், அந்த வருடம் சூரியன் போன அன்றைக்கே போர்வைக்குள் போனவர் வெளியே வரவேயில்லை. வைத்தியர் முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லி ஒரு வெள்ளை விளக்குக் கொடுத்தார், திலகா அந்த விளக்குக்கும் திருநீறு பூசிப் பொட்டு வைத்துப் பார்த்தாள், விளக்கு எரிந்தது, மனுசன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தவள் கட்டிலில் ஆளைக் காணாமல் தேடிப்போய், படகுகள் வந்து நிற்கிற இறங்குதுறையின் நுனியில், உறைபனிக்குள், வீட்டுச் செருப்போடும் இடுப்பில் கட்டின சாரத்தோடும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். அன்றிலிருந்து திலகா மேசையில் நின்று மீன் வெட்டும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் யன்னலால் இறங்குதுறையைப் பார்ப்பாள், கத்தி விரலில் படப்போகுது என்று நான் ஏசுவேன், அவளுக்குக் காது கேட்காது.

பொங்கலுக்கு முதல் நாள் அவள் என்னிடம் சொன்னாள், "மதலேனக்கா, இந்த முறை நான் பலகைச் சூரியனுக்கு வரேல்லை. வீட்டிலை, பொங்கல் அண்டைக்கே, அந்த நேரத்துக்கே பொங்கப்போறன்."

"யாருக்கடி பொங்கப்போறாய்? சூரியன்தான் இல்லையே."

"இல்லாத ஆளைத்தானே அக்கா கூப்பிடவேணும்," என்றாள், "நாங்கள் இஞ்சை வந்த நாளிலையிருந்து ஒருக்காலும் வடிவாக் கூப்பிடேல்லை, சுவிச்சைத்தான் போட்டிருக்கிறம்."

காற்று மறைக்க ஒரு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டாள், போனேன். மூன்றாம் மாடி பல்கனியில் பனியை வழித்துவிட்டு, வெள்ளைப் பனியில் வெள்ளைக் கோலம் தெரியாது என்று அரிசி மாவுக்குள் மஞ்சள்தூள் கலந்து கோலம் போட்டாள், காஸ் அடுப்பை வைத்தாள், புதுப் பானையின் கழுத்தில் இஞ்சி, மஞ்சள் கட்டினாள், கைத்தொலைபேசியைத் திருப்பித் திருப்பிக் கிழக்கு எங்கே என்று பார்த்தாள், அது மீன் தொழிற்சாலையைக் காட்டியது, சரி என்று அந்தப் பக்கம் பார்த்துப் பாலை வைத்தாள். நான் ஒரு பழைய போர்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன், என் மூக்கு விறைத்துப்போய் இது என் மூக்குத்தானா என்று தெரியாமல் இருந்தது, மாதாவே இந்தப் பெட்டைக்காக ஏதாவது செய் என்று நானும் என் பங்குக்குக் கேட்டேன். பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது, கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்வார்கள் என்ற பயத்தில் திலகா வாய்க்குள்ளேயே பொங்கலோ பொங்கல் என்றாள், அந்த நேரம் தொழிற்சாலைக் கூரைக்குப் பின்னாலிருந்து சூரியன் எழும்பி வந்தது.

அரிசி புடைக்கிற சுளகளவுதான் இருந்தது. ஆனால் அது எங்கள் ஊர்ச் சூரியன், இங்கே கோடையில் நாள் முழுக்க அலைகிற வெளிறின சூரியன் இல்லை, சித்திரை மாதத்தில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பின்கழுத்தைச் சுடுமே, அந்தச் சூரியன், கூரையைத் தாண்டிக் கார் நிறுத்துகிற இடத்துக்கு மேலே மிதந்து வந்து, பல்கனிக்கு நேரே, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கூப்பிடும்வரை நிற்கிற விருந்தாளியைப் போல நின்றது. எங்கள் கட்டடம், அதன் முன்னால் கார்கள், தொழிற்சாலைக் கூரையில் பாதி, இவ்வளவுக்கும் பட்டப்பகல், அதற்கு அங்காலே பழைய இருட்டு, இருட்டுக்குள் நட்சத்திரம். திலகா முக்காடு போட்டுக்கொண்டு கும்பிட்டாள், எனக்குச் சிலுவைக் குறி போடுவதா கையைக் கூப்புவதா என்று தெரியாமல் போர்வையை மட்டும் மடித்து வைத்தேன்.

அப்போது உள்ளே கட்டில் கிறீச்சிட்டது, பிறகு பல்கனிக் கதவு திறந்தது, பரா அண்ணை சாரத்தோடு வெளியே வந்து, கண்ணைச் சுருக்கிச் சூரியனைப் பார்த்து, தெரிந்த ஆளுக்குத் தலையாட்டுவது போல ஒருக்கால் ஆட்டிவிட்டு, பெண்சாதியைப் பார்த்துச் சொன்னார், "இஞ்சரும், துவாய் எங்கை? ஒருக்காக் குளிக்கவேணும்."

கிழமைக்கணக்காகக் கேட்காத குரல். திலகா துவாயை எடுக்க ஓடினாள், ஓடினவள் உள்ளே கட்டிலில் குந்தியிருந்து துவாய்க்குள் முகத்தைப் புதைத்து அழுதாள், அழுதுவிட்டு வாளியில் தண்ணீரும் கொண்டுவந்தாள், மனுசன் பல்கனியிலேயே வாளித் தண்ணியை அள்ளி அள்ளி ஊற்றிக் குளித்தார், தண்ணி கீழ்வீட்டுப் பல்கனிக்குள் கொட்டியது. கீழ்வீட்டுக்காரி கூன்வர், தபால் கொடுக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவ, வெளியே வந்து தலை நனைய மேலே பார்த்து, "ஆ, வந்திட்டுதா" என்று நோர்வே மொழியில் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கறுப்புக் கண்ணாடியும் கதிரையும் எடுத்துக்கொண்டு வந்து இருந்தா.

அந்தக் கலகலப்பில் ஒன்று மறந்துபோனது, நானும் மறந்தேன், அவளும் மறந்தாள், பொங்கின பொங்கலைப் படைக்கவில்லை.

நோர்வேச் சனத்தை நீங்கள் சும்மா நினைக்கக்கூடாது, அவை எதற்கும் பதறமாட்டினம், கிழமை முடியமுதல் கூன்வர் கட்டட வாசலில் இலக்கச் சீட்டுக் கிழிக்கிற பெட்டி ஒன்றை மாட்டிவிட்டா, ஊரவை கதிரையும் கோப்பிப் போத்தலும் கொண்டுவந்து சீட்டைக் கிழித்து, முறை வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு அரை மணித்தியாலம் வெயில் காய்ந்துவிட்டு, சூரியனைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு இருட்டுக்குள் திரும்பிப் போச்சினம். நகரசபை கூடி ஆராய்ந்தது, இது குன்றுக்கு மேலால் வரவில்லை ஆகையால் இது உத்தியோகபூர்வமான சூரியன் அல்ல, சூரியன் திரும்பும் நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற விடுமுறையும் இனிப்பு ரொட்டியான பணிசும் வழக்கமான நாளில்தான் கொடுபடும், இது திருமதி திலகேஸ்வரியின் சொந்த விருந்தாளி, விருந்தாளிகள் கார் நிறுத்துமிடத்துக்கு மேலே நிற்பதற்கு எதிராகச் சட்டம் ஒன்றும் இல்லை என்று முடிவெடுத்தது. தேவாலயத்துப் பெண் போதகர் ஞாயிறு ஆராதனையைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு தானும் ஒரு சீட்டுக் கிழித்தா.

எங்கள் சனம் சீட்டு எடுக்கவில்லை, சொந்தக்காரருக்குச் சீட்டு எதற்கு என்று நேரே மேலே ஏறிப்போனது. ஒருத்தி மோர்மிளகாய் காயவைத்தாள், ஒருத்தி வடகம் போட்டாள், நான் பெட்டியின் அடியில் கிடந்து மணத்த சேலைகள் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடியில் விரித்தேன், வெயிலில் உடுப்புக் காயப்போடுவது எந்தச் சமயத்திலும் பாவம் இல்லை. பனி கரைந்த கார் நிறுத்துமிடத்தில் எங்கள் குசினிக் கழிவிலிருந்து முளைத்த பூசணிக்கொடி ஒன்று கூன்வரின் காரில் ஏறிப் பூத்தது, அவ கார்க்கதவைத் திறக்காமல் கடைக்கு நடந்து போனா. சபாநாயகம் அண்ணர் மட்டும் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார், சூரியன் முறைப்படி சங்கம் பொங்குகிற மண்டபத்துக்கல்லோ வந்திருக்கவேணும், தனி வீட்டுக்கு வந்தது சங்கத்தைப் பிரிக்கிற வேலை என்று.

பரா அண்ணை பல்கனியில் கதிரை போட்டு, வெறும் மேலோடு இருந்து, விட்ட இடத்திலிருந்து கதைத்தார், கீழே வெயில் காய்கிற நோர்வேக்காரருக்கும் மேலே நிற்கிற சூரியனுக்குமாக வெங்காய விலையில் தொடங்கினார், அவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் நல்லாகத் தலையாட்டினார்கள். சூரியனும் சில இடங்களில் கொஞ்சம் தாழ்ந்து கேட்டது, அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஒரு நாள் காய்ந்த சேலைகளை எடுக்கப் போனவள் தண்ணி குடிக்கக் குசினிக்குள் போனேன். அடுப்பில் அந்தப் பொங்கல் பானை, மூடி போட்டு, கீழே நெருப்பு எரிகிறதா இல்லையா என்கிற அளவில் எரிந்துகொண்டிருந்தது. மூடியைத் திறந்தேன், பொங்கல் பொங்கின அன்றைய சூட்டோடும் மணத்தோடும் அப்படியே இருந்தது.

"உதென்னடி இன்னும் கிடக்கு? தா ஒரு வாய்."

திலகா பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தாள். "தொடாதையுங்கோ அக்கா. இன்னும் படைக்கேல்லை."

"படைக்கேல்லையோ? சூரியன் வந்து எவ்வளவு நாளாச்சு?"

"முதல் நாள் மறந்துதான் போனன். பின்னேரம் நினைவு வந்து வாழையிலையை எடுத்துக்கொண்டு போனன் அக்கா. போகேக்கை யோசிச்சன், படைச்சால் சாப்பிடுவார், சாப்பிட்டால் போயிட்டு வாறன் எண்டு எழும்பிடுவார், விருந்தாளிகள் எல்லாரும் அப்பிடித்தானே." பல்கனிப் பக்கம் பார்த்தாள், அங்கே பரா அண்ணை ஏதோ சொல்லித் தானே சிரிக்கிற சத்தம் கேட்டது. "அவர் போனால் இவரும் போயிடுவார். இவரை இறங்குதுறையிலையிருந்து ஒருக்காக் கூட்டிக்கொண்டு வந்திட்டன். இன்னொருக்கா என்னாலை ஏலாது."

"அப்ப அந்தாளுக்கு என்ன சொல்லி வைச்சிருக்கிறாய்?"

"இன்னும் ஆகேல்லை, கொஞ்சம் இருங்கோ எண்டு ஒவ்வொரு நாளும் விடியச் சொல்லுறன். இருக்கிறார். நல்ல மனுசன்."

எனக்கு அவளில் கோபம் வந்தது, கோபத்தோடு பாவமாகவும் இருந்தது. எங்கள் வேதத்தில் கடவுள்தான் எங்களுக்கு அப்பம் தருகிறவர், நாங்கள் அவருக்குச் சமைக்கிறதில்லை, ஆகையால் கடவுளைச் சாப்பாட்டுக்குக் காத்திருக்க வைக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியாது, ஆனால் வீட்டுக்கு வந்த ஒருவரைப் பட்டினியோடு இருத்தி வைப்பது எந்த வேதத்திலும் மரியாதைகெட்ட வேலை என்று தெரியும். சொல்லவில்லை. மதலேன் வாயை மூடினது சூரியன் வந்ததிலும் பெரிய அற்புதம் என்று எங்கள் வீட்டில் சொல்லுவினம்.

மீனால்தான் வினை வந்தது. அது பெரிய மீன் படுகிற காலம், தொழிற்சாலைக்குப் பக்கத்தில் குளிர்காற்றில் காயவென்று தூக்கிக் கட்டின மீன்கள் எங்கள் ஊர் வெயில் பட்டு ஒழுகத் தொடங்கின, ஐஸ் உருகி ஓடியது, மாரிகாலத்தில் மீனை மொய்க்க இலையான் வந்தது, எங்கிருந்து வந்தது என்று அந்த இலையானைத்தான் கேட்கவேண்டும். தொழிற்சாலை மேலாளர் ஆர்னே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்றாம் மாடி ஏறி வந்து, விருந்தாளியைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நிற்கச் சொல்ல முடியுமோ என்று திலகாவிடம் பணிவாகக் கேட்டார். திலகா பல்கனிக்குப் போய்ச் சொன்னாள், சூரியன் உடனே தள்ளி நின்றது, தேவாலயக் கூரையில் கிடந்த பனி முழுவதும் ஒரேயடியாகச் சரிந்து வாசலை மூடியது, உள்ளே பாட்டுப் பழகிக்கொண்டிருந்தவர்களை யன்னலால் இறக்க வேண்டியதாய்ப் போனது, சூரியன் வெட்கப்பட்டுப் பழைய இடத்துக்கே வந்தது. மீன் இன்னும் நாறியது. ஆர்னே மேசைகளை நிறுத்தி எங்கள் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார், இப்படியே போனால் இந்த வருடம் திறக்கமாட்டேன் என்றும் சொன்னார்.

வேலை நின்றதும் வடகம் காயவைத்தவர்களின் முகம் மாறியது. சபாநாயகம் அண்ணர் சனத்தைத் திரட்டிக்கொண்டு வந்து குசினி வாசலில் நின்றார்.

"பிள்ளை, ஒஸ்லோக் கோயில் ஐயரோடை நான் கதைச்சனான். படைச்சு முடிச்சால்தான் பொங்கல் பொங்கலாம். கெதியாப் படைச்சு வந்தவரை மரியாதையா அனுப்பு."

"ஏலக்காய் இல்லை அண்ணை. ஒஸ்லோவிலையிருந்து வரவேணும்," என்றாள் திலகா.

ஒருத்தி ஓடிப்போய்த் தன் வீட்டு ஏலக்காயைக் கொண்டுவந்து கொடுத்தாள். அப்படியென்றால் கஜு காணாது என்றாள் திலகா. இன்னொருத்தி கஜு கொண்டுவந்தாள். முந்திரிகை வத்தல் என்றாள், அந்தக் காய்ந்த திராட்சையும் வந்தது. எல்லாவற்றையும் வாங்கிப் பானைக்குள் போட்டு, அகப்பையால் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு துளி எடுத்து விரலில் வைத்துப் பார்த்து, இன்னும் பதம் வரவில்லை என்று மூடியைப் போட்டாள். சனம் என்னைப் பார்த்தது, பக்கத்து மேசைக்காரிக்குத் தெரியாமல் இருக்குமா என்று. நான் யன்னலால் பூசணிப் பூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன்ரை புருசன் எழும்பினதுக்காக ஊர் முழுக்கப் படுக்கிறதோ என்று யாரோ படியில் இறங்கும்போது சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது, திலகாவின் காதிலும் விழுந்தது, அவள் அடுப்பை விட்டு அசையவில்லை.

இதற்கிடையில் சூரியன் மெலிந்துகொண்டு வந்தது. சுளகளவாக வந்தது தாம்பாளமளவு ஆனது, பிறகு சோத்துத் தட்டமளவு ஆனது, வெயிலில் சூடு குறைந்து கீழே இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சட்டையைப் போட்டுக்கொண்டார்கள், கூன்வர் தன்னுடைய கதிரையை உள்ளே எடுத்துவைத்துவிட்டு, அதற்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையோ என்று என்னிடம் கேட்டா. ஒளி போய்ச் சேருகிற எல்லை நாளுக்கு நாள் கிட்ட வந்தது. ஆனாலும் அது போகவில்லை, சாப்பாடு ஆகிக்கொண்டிருக்கிறது என்று வீட்டுக்காரி சொன்ன பிறகு எழும்பிப் போவது எங்கள் ஆட்களுக்கு வராது, சூரியன் என்றாலும் எங்கள் ஆள்தானே.

முதலில் பரா அண்ணைதான் கேட்டார். வெங்காயக் கதையின் நடுவில் நிறுத்தி, கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்து, "என்ன ஐயா, நல்லா மெலிஞ்சு போனியள்," என்றார், பிறகு எந்த யாழ்ப்பாணத்தானும் எந்த ஆளையும் கேட்கிற கேள்வியைக் கேட்டார், "சாப்பிட்டியளோ?"

சூரியன் சிவந்துபோய் மற்றப் பக்கம் பார்த்தது.

அவர் எழும்பினார். பல்கனியிலிருந்து குசினிக்கு வந்தார், அடுப்பைப் பார்த்தார், பானையைத் திறந்து பார்த்தார், பெண்சாதியைப் பார்த்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு மூலையில் இருந்தேன், என்னை அவர் கணக்கெடுக்கவில்லை.

"இஞ்சரும், வந்த ஆளுக்கு இவ்வளவு நாளும் ஒண்டும் குடுக்கேல்லையோ?"

"சாப்பிட்டால் போயிடுவார்," என்றாள் திலகா.

"போகட்டுமன். வந்தவை எல்லாரும் போறவைதானே."

"நீங்களும் போயிடுவியள்." அகப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "எனக்குச் சூரியன் வேண்டாம். தொழிற்சாலை வேண்டாம். ஊர்ச்சனம் என்னத்தையும் சொல்லட்டும். எனக்கு நீங்கள் வேணும். நான் வேலையாலை வரேக்கை ஆள் வீட்டிலை இருக்கவேணும், அவ்வளவுதான் நான் கேட்டது."

மனுசன் அகப்பையையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பயம் பிடித்தது, வந்த கதை அவருக்குத் திரும்பப் போய்விட்டதோ என்று. பிறகு மெல்லக் கையை நீட்டி அவளுடைய கையிலிருந்து அகப்பையை வாங்கினார்.

"ஒரு ஆளைப் பசியோடை வாசல்லை நிற்கவைச்சிட்டு, அந்த வெயிலிலை நான் இருக்க ஏலாதப்பா," என்றார்.

அவரே படைத்தார். உறைந்துபோன வாழையிலையை வெந்நீரில் காட்டி விரித்து, பொங்கலை மலையாக வைத்து, வாழைப்பழம், கரும்புக்குப் பதிலாகக் கடையில் வாங்கின சீனிக்கட்டி, வெற்றிலை கிடைக்காததால் பாக்கு மட்டும், எல்லாம் வைத்துக் கற்பூரம் கொளுத்தினார், குசினியில் புகை எச்சரிக்கை மணி அலறியது, ஒருவரும் போய் நிறுத்தவில்லை. கார் நிறுத்துமிடத்தில் சனம் வந்து நின்றது, எங்கள் சனமும் நோர்வேச் சனமும். சூரியன் பல்கனிக் கம்பி வரைக்கும் இறங்கி வந்தது, இலையிலிருந்த பொங்கல் ஆவியாகி ஆவியாகிக் குறைந்தது, குறையக் குறையச் சூரியன் தட்டமளவாகி, தாம்பாளமளவாகி, சுளகளவாகி, அதற்கும் மேலே பருத்தது, மூன்று முறை பரா அண்ணை இன்னும் கொஞ்சம் போடட்டோ என்று கேட்டார், மூன்று முறையும் அது வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தது. சாப்பிட்டு முடித்து, சாப்பிட்டவுடன் எழும்பக்கூடாது என்று மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தொழிற்சாலைக் கூரைக்குப் பின்னால் இறங்கிப் போனது.

இருட்டு வந்து எல்லாரையும் மூடியது, குளிர் அதற்குப் பின்னால் வந்தது. கீழே ஒருவரும் கைதட்டவில்லை, ஒருவரும் திட்டவும் இல்லை, கதிரைகளை மடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. திலகா குசினியில் மேசைக்கு முன்னால் இருந்தாள், இனிப் போர்வைதான், இனி அந்த இறங்குதுறைதான் என்று அவள் நினைப்பது எனக்குத் தெரிந்தது, நான் அவளுடைய தோளில் கையை வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த செபங்களை ஒழுங்கில்லாமல் சொன்னேன்.

பரா அண்ணை வெறும் பானையோடு உள்ளே வந்தார். முற்றும் வெறும் பானை இல்லை, அடியில் ஒரு அகப்பைப் பொங்கல் ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஏற்கெனவே முகத்தில் பழைய இருட்டு ஏறத் தொடங்கியிருந்தது, குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது, ஆனால் கட்டில் பக்கம் போகாமல் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"இஞ்சரும், அந்தாள் சாப்பிட்டதைப் பார்க்க எனக்கும் பசிக்குது. அந்த மிச்சத்தை ஒரு தட்டத்திலை போடும்."

திலகா எழும்பினாள், தட்டம் எடுத்தாள், மிச்சத்தை வழித்து வைத்தாள், அவருக்கு முன்னால் வைக்கப்போன கை பாதியில் நின்றது. அவரைப் பார்த்தாள். பிறகு அந்தத் தட்டத்தை இன்னொரு தட்டத்தால் மூடிக் குளிர்ப்பெட்டியின் மேல்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"உங்களுக்கு இன்னும் ஆகேல்லை," என்றாள். "கொஞ்சம் இருங்கோ."

அவர் மூடின கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், விளங்கிக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவள் பாண் வெட்டி முட்டை பொரித்துக் கொடுத்தாள், அதைச் சாப்பிட்டார், தேத்தண்ணி குடித்தார்.

வழக்கமான சூரியன் திரும்பின நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் குன்றில் ஏறிப் பணிஸ் சாப்பிட்ட பிறகு ஆர்னே தொழிற்சாலையைத் திறந்தார், நாங்கள் திரும்ப மேசைக்குப் போனோம், இதெல்லாம் நடந்து இப்போது பல வருடம். ஒவ்வொரு இருட்டுக் காலத்திலும் பரா அண்ணை போர்வைக்குள் போகிறவர்தான், சில நாள் நல்லாக இருக்கிறது, சில நாள் மோசம், அந்த நாட்களில் திலகா இப்போதும் யன்னலால் இறங்குதுறையைப் பார்த்துப் பார்த்துத்தான் மீன் வெட்டுகிறாள். வேலை முடிந்து நானும் அவளோடு மேலே ஏறிப்போய்ப் பார்த்தால், மனுசன் குசினி இருட்டுக்குள், குளிர்ப்பெட்டிக்கு முன்னால் கதிரை போட்டு இருக்கிறார்.

"இஞ்சரும், அந்தப் பொங்கல் என்னமாதிரி?" என்று கேட்பார்.

"இன்னும் ஆகேல்லை," என்பாள் திலகா, காலணியைக் கழற்றிக்கொண்டே.

"அப்ப இருக்கிறன்," என்பார்.